ஊசிக்கு மாறாத அப்பா

என் செல்ல மகளுக்கு,

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். லிப்ட் மறுபடியும் படுத்துவிட்டது, மாடிப்படியைக் கண்டாலே என் முட்டி முணுமுணுக்கிறது, தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, கீழ்வீட்டுக்காரி தன் வீட்டு ஜன்னல் முழுவதற்கும் திரைச்சீலை தைக்கச் சொல்லித் துணியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறாள். போன தடவை போனில் நீ ஒன்று கேட்டாய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும் என்று வந்திருக்கிறதே, அப்பா ஏன் இன்னும் தினமும் மாத்திரையோடு மல்லுக்கட்டுகிறார் என்று. உன் அப்பா பக்கத்திலேயே பேப்பர் படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதனால் மழுப்பிவிட்டேன். போனில் சொன்னால் அழுதும் தொலைப்பேன். அதனால்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

ஊசி வந்தது என்று கேள்விப்பட்டதும் முதலில் ஓடியவரே அவர்தான். மாத்திரை டப்பாவைச் சட்டைக்கு அடியில் ஒளித்து ஒளித்து அலுத்துப்போன மனிதர் இல்லையா. டாக்டரம்மா பைலைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இது ஒத்துவராது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எச்.ஐ.வி.யோடு கூட ஹெபடைடிஸ் பி கிருமியும் கல்லீரலில் குடியிருக்கிறது, அது உனக்கும் தெரியும். அவர் சாப்பிடும் மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடக்கி வைக்கிறதாம். ஊசி எச்.ஐ.வி.யை மட்டும்தான் பார்த்துக்கொள்ளுமாம். மாத்திரையை விட்டால் கல்லீரலில் அடங்கிக் கிடப்பது எழுந்துகொள்ளும், சில பேருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார். ஊசியும் போட்டுக்கொண்டு கல்லீரலுக்கென்று தனியாக மாத்திரையும் தினமும் சாப்பிடலாம்தான், அப்புறம் எதற்கு ஊசி. உன் அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், நானும் சமாதானம் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

நம் ரசமட்டம் தம்பியை உனக்கு நினைவிருக்கும், அப்பாவோடு கண்ணாடி அறுக்கும் கடையில் வேலை செய்கிறவன், நீகூட ரசமட்டம் மாமா என்று கூப்பிடுவாய். பையில் எந்நேரமும் சாய்வு பார்க்கும் ரசமட்டக் கருவியை வைத்துக்கொண்டு, யார் வீட்டில் படம் சாய்ந்து தொங்கினாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் காபி குடிப்பான். அவனுக்கும் அப்பாவுக்கும் அந்த இரண்டு கிருமியும் ஒன்று, மருந்து வாங்கும் இடமும் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ரொம்ப நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான் பிறகு இப்படி ஒட்டிக்கொண்டார்கள். அவன் அண்ணன் வீட்டில் இருக்கிறான், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. டாக்டரம்மா அவனுக்கும் ஊசி கிடையாது என்று சொன்னதும், அந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா, வேறொரு இடத்துக்குப் போய் எச்.ஐ.வி.யை மட்டும் சொல்லி, கல்லீரல் சமாச்சாரத்தை முழுங்கிவிட்டு ஊசி போட்டுக்கொண்டுவிட்டான். அவர்களும் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அவன் பேச்சை நம்பிவிட்டார்கள். மாத்திரையைத் தூக்கி எறிந்தாயிற்று.

சில மாதம் ராஜாவாட்டம்தான் இருந்தான். அப்புறம் சோறு இறங்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்கியது, கண் மஞ்சள் கட்டியது. அப்பா கேட்டால், எச்.ஐ.வி. ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று அதையே எடுத்து நீட்டினானாம். அது சுத்தமாகத்தான் இருந்தது, அவனைத் தின்றுகொண்டிருந்தது மற்றது. ஒருநாள் ஒரு வீட்டில் நிலைக்கண்ணாடி மாட்டிவிட்டு, அது அப்பட்டமாகச் சாய்ந்து தொங்க, நேராகத்தான் இருக்கிறது என்று சாதித்திருக்கிறான். அதைக் கேட்டதும் உன் அப்பா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கெஞ்சியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும், கடைக்கும் தெரிந்துவிடும், செத்தாலும் வரமாட்டேன் என்று அவன். கடைசியில், "அண்ணே, நீங்க இத்தன வருஷத்துல யார்கிட்டயாவது வாயத் திறந்திருக்கீங்களா? எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் வர்றேன்" என்றானாம். உன் அப்பா ஜென்மத்துக்கும் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னதுதான்.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உன் அப்பா பிசைந்ததையே பிசைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, நான் சொன்னால் உனக்கும் கஷ்டம்தானே, இந்தக் கட்டடத்தில்தானே உன் தையல் பிழைப்பு என்றார். என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க, அந்தப் புள்ள கண்ணப் போய்ப் பாருங்க என்றேன். உண்மையைச் சொல்கிறேன் மகளே, வாய்தான் அப்படிப் பேசியது, ராத்திரி முழுக்க எத்தனை பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

மறுநாள் நடந்ததை உன் அப்பா இன்றுவரை வாயால் சொல்லவில்லை. கடை முதலாளியம்மா போன் செய்து சொல்லித்தான் தெரியும். காலை டீ வந்து எல்லோரும் அறுக்கும் மேசையைச் சுற்றி நின்றபோது, இவர் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. கல்லீரல்லயும் ஒரு கிருமி இருக்கு. மாத்திர சாப்பிடறேன், நல்லா இருக்கேன். காயம் பட்டா உங்கள யாரையும் தொட விடாதது அதுக்குத்தான், திமிருக்கு இல்ல" என்றாராம். உனக்குத் தெரியுமே, கண்ணாடி கையைக் கிழித்தால் தன் கட்டுத்துணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய், ஒற்றைக் கையால் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார், அதற்காகக் கடையில் அவருக்குத் துரை என்றே பட்டப்பெயர். சொல்லி முடித்த கையோடு இவர் ரசமட்டத்தின் பக்கம் திரும்பி, "சொல்லிட்டேன், கெளம்பு" என்றாராம். அவன் குழந்தை மாதிரி விம்மிக்கொண்டு எழுந்தானாம். முதலாளியம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் கார்ச் சாவியை எடுத்திருக்கிறார், அந்த அம்மாளுக்குக் கோவிலே கட்டலாம்.

டாக்டரம்மா அவனைப் படுக்கவைத்து உடனே மருந்தைத் தொடங்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று உன் அப்பாவிடம் சொன்னாராம். அண்ணனிடம் அவனே சொன்னான். அண்ணன் முதலில் கத்தினார், அப்புறம் ஆஸ்பத்திரி பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. இப்போது தம்பி கண் மஞ்சள் தெளிந்து, நடந்து, சாப்பிட்டு, போன வாரம் நம் வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக உன் கல்லூரிப் படத்தை நேராக்கினான், எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கடையில்தான் கொஞ்ச நாள் கசப்பு. விளிம்பு தேய்க்கும் மெஷினில் நிற்கிறாரே ஒரு பெரியவர், தொட்டதற்கெல்லாம் சிடுசிடுப்பவர், அவர் தன் டம்ளரை நகர்த்தி வைத்திருக்கிறார். உன் அப்பா மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே தன் டம்ளரைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் தேய்த்துக் கழுவி, மறுநாள் சாப்பாட்டுப் பையிலேயே திருப்பி அனுப்பினேன். முதலாளியம்மா ஒரு நர்ஸை வரவழைத்து, டம்ளரால் எதுவும் ஒட்டாது என்று எல்லோருக்கும் சொல்லவைத்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போடவைத்தார். சிடுசிடுப்புக்காரர்தான் முதலில் சட்டைக்கையைச் சுருட்டினாராம்.

இப்போது முந்தாநாள் கதைக்கு வருகிறேன். உன் அப்பா வேலை விட்டு வந்தார், இடது உள்ளங்கையில் ஒரு கட்டு. கட்டா அது, பொட்டலம், இவ்வளவு பஞ்சு, ஊரெல்லாம் முடிச்சு. இதென்ன கோலம் என்றேன். டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினாராம், அந்தச் சிடுசிடுப்புக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து டப்பாவைப் பிடுங்கி, "ஒக்காருய்யா தொர, ஒத்தக் கையால என்னத்தக் கட்டுவ" என்று திட்டிக்கொண்டே கட்டிவிட்டாராம். இதைச் சொல்லும்போது உன் அப்பா அந்தக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். தளர்ந்து தொங்குகிறதே, அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிடட்டுமா என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்தக் கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டே தூங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இனி ஊசிக்கு ஏன் மாறவில்லை என்று அவரிடம் கேட்காதே. நீ உன் தடுப்பூசியின் மூன்றாவது தவணையைப் போட்டுக்கொண்டாயா, அதைச் சொல். வேலை வேலை என்று சாக்குச் சொன்னால் ரசமட்டம் மாமாவை விட்டுப் பேசச்சொல்வேன். வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நின்று, நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாமல் இரு கண்ணே.

இப்படிக்கு,
துரையின் பெண்டாட்டியான
உன் அம்மா