அத்தை மட்டும் அறிந்த பதினோரு நாள்

தூத்துக்குடி
12.2.2024

அன்புள்ள அத்தைக்கு,

பெனிஷா எழுதுவது. ஃபோனில் கத்தினால் உங்கள் காதுக்கு எட்டாது, தெருவுக்கே எட்டிவிடும். அதனால்தான் கடிதம்.

மூன்றாவது பிள்ளையும் கலைந்தபோது, "இவ வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்கு" என்று நீங்கள் சொன்னது இன்னும் வலிக்கிறது. இருக்கட்டும். இப்போது ஒரு காரியம்.

புது டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். நான் பிறந்து தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்ததா என்று. வழக்கமான ரத்தச் சோதனையில் அந்தக் குறை தெரியாதாம். அம்மா உயிரோடு இல்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் பிறந்தபோது அம்மாவுக்குத் துணையாகக் கூட இருந்தது நீங்கள்தான். உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
பெனிஷா

நாசரேத்
19.2.2024

அன்பு மகள் பெனிஷாவுக்கு,

வந்தது. பதினோரு நாள் வந்தது. துணி மாற்றி மாற்றி என் கை ஓய்ந்துபோனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் நின்றது.

நீ பிறந்த அன்றே உன்னை என் மகன் ஜெபினுக்கு என்று கேட்டு வைத்திருந்தேன். வெளியே தெரிந்தால் சீக்குப் பிள்ளை என்பார்களே என்று, யாரிடமும் சொல்லக் கூடாதென உன் அம்மாவிடம் வாக்கு வாங்கியது நான்தான். முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இதுதான் புத்தி. மூன்று தடவையும் எனக்கு அந்த ரத்தம் ஞாபகம் வந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாயை மூடிக்கொண்டேன். பழியை உன் மேல் போட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. டாக்டரிடம் இன்றே சொல்.

அத்தை,
கிருபை

தூத்துக்குடி
22.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

பதினான்கு மாதம் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஒரு தட்டை உடைத்தேன். ஜெபின் சொல்லியிருப்பார்.

ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் பதின்மூன்று என்ற ஒன்று என் உடம்பில் இல்லை. அது இல்லாமல் கர்ப்பம் நிலைப்பது கஷ்டமாம். நாள் தள்ளிப்போனதிலிருந்தே மாதம் தவறாமல் அந்த மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். நேற்று உங்கள் பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. அவள் அழுகை உங்கள் காதுக்கும் கேட்கும்.

ரத்தம் வரவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? உங்களைக் குறைத்துக்கொண்டு உண்மையை எழுதினீர்கள். அதனால்தான் இவள் என் மடியில் கிடக்கிறாள். கோபம் முழுசாகப் போகவில்லை அத்தை. ஆனால் நன்றி அதைவிடப் பெரிசாக இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க வாருங்கள்.

பெனிஷா

நாசரேத்
27.4.2025

என் மகளுக்கு,

இன்று ஆராதனையில் பேத்திக்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். சாட்சி சொல்ல எழுந்தபோது, மறைத்ததையும் உன்னை ஏசியதையும் சபை முன்னால் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெளியே வந்ததும் நம் சபை ரேச்சல் என் கையைப் பிடித்தாள். ஏரலில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்கு நான்கு கலைந்திருக்கிறது. "அவளுக்கும் தொப்புள்ல அப்படித்தான் வந்துச்சு டீச்சர். மாப்ள வீட்ல நாங்க சொல்லல" என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை ரேச்சலையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கி வை. முதலில் அங்கே போய்விட்டு, அப்புறம்தான் பேத்தியைப் பார்க்க வருவேன்.

கிருபை