டெல்மரின் இடது கை

மார்ச் 3, 1999
டெல்மரை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகிறது. அவன் மகள் கார்லா வந்து வீரர்களின் படம் போட்டு விற்கும் பழைய பேஸ்பால் அட்டைகள் மூன்றை மேசையில் வைத்தாள். மூன்றிலும் அவன் படம். “ஒண்ணைக் கல்லறைக் கல்லுல பதிக்கணும் ஆர்னி அங்கிள். அப்பாவை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், நீங்களே சொல்லுங்க.”

நன்றாகத் தெரியுமாம்.

மார்ச் 5
வெள்ளிக்கிழமை. சர்ச்சில் வாங்கிய பைரோகிக் கொழுக்கட்டை ஆறிப்போய்க் கிடக்கிறது. அட்டைகளை விட்டு எழுந்திருக்க மனமில்லை.

1972 அட்டையிலும் 73 அட்டையிலும் ஒரே படம். இடையில் அணி மாறினான். அச்சிட்டவர்கள் சோம்பேறிகள், தொப்பியின் மேல் வேறு நிறம் பூசிவிட்டார்கள். “என் மண்டைக்குப் பெயின்ட் அடிச்சிட்டானுங்கடா!” என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

74 வேறு. வலது கைப் பந்துவீச்சாளன், பந்தை இடது கையில் பிடித்து நிற்கிறான். படம் எடுப்பவனை ஏமாற்ற அந்தக் காலத்தில் பலரும் செய்த சேட்டைதான். பயிற்சி முகாமே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். கார்லாவுக்கும் இதுதான் பிடித்திருக்கிறது.

மார்ச் 6
காதுக்குள் அந்தப் பழைய மைதானக் கொட்டகை ஃபோன் மணி.

மார்ச் 9
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. 72-இல் இரண்டு தோளும் சமமாக இருக்கின்றன. 74-இல் வலது தோள் இறங்கிக் கிடக்கிறது. கட்டைவிரலை பெல்ட்டில் மாட்டியிருக்கிறான் — கை தொங்காமலிருக்க. படம் எடுத்தது பிப்ரவரியில். தோள் தசை கிழிந்து அவன் ஆட்டம் முடிந்தது ஜூலையில். அப்படியென்றால் அத்தனை மாதமும் வலியோடுதான் எறிந்தானா?

அட்டையின் பின்பக்கம், முந்தைய வருடம் 58 ஆட்டங்கள் என்கிறது. இறங்கி ஆடியது மட்டும்தான் அதில் சேரும். ஆட்டம் கைமீறினால் நடுவில் இறக்கும் பந்துவீச்சாளன் அவன். வேலியோரக் கொட்டகையில் அவனைத் தயார் செய்வது என் வேலை. மேனேஜர் ஃபோன் அடிப்பார்: “டெல்மரைச் சூடேத்து.” நாற்பது பந்து எறிவான். பிறகு, “வேணாம், உக்காரச் சொல்லு.” மறுநாளும் அதே கதை. அவன் எறிந்த அந்தப் பந்துகள் எந்த அட்டையிலும் இல்லை.

“கை எப்படி இருக்கு?” என்று கேட்பார். “நல்லாயிருக்கு” என்பேன். நான்! அவனை ஒரு வார்த்தை கேட்காமல். முடியாது என்று சொல்லும் பயிற்சியாளனை யார் வைத்துக்கொள்வார்கள்? என் வேலை போகக் கூடாது, அவ்வளவுதான்.

படம் எடுத்த அன்றைக்குச் சொன்னானே — “இன்னிக்கு இடதுதான் ஆர்னி, வலது தூங்குது.” சிரிச்சேனே, பாவி.

மார்ச் 14
கார்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஒரு நாள்கூட அவர்கிட்டயே கேக்கலையா?”

“இல்லம்மா.”

அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காப்பியைத் தொடவில்லை.

மார்ச் 27
ஃபோன் அடித்தது. நாலாவது மணிக்குத்தான் எடுத்தேன். கார்லாதான். “74-ஐத்தான் பதிக்கப் போறேன். பாக்குறவங்க சிரிக்கட்டும். நீங்க சிரிக்கக் கூடாது.” வைத்துவிட்டாள்.

மே 31
போர்வீரர் நினைவு நாள். கல்லறைத் தோட்டம் முழுக்கக் குட்டிக் கொடிகள். டெல்மர் கல்லின் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“இடது கையைப் பாத்தீங்களா? சரியான சேட்டைக்காரன்! நல்லா இருந்த கை, திடீர்னு போயிடுச்சு பாவம்.”

“நல்லா இல்லைங்க,” என்றேன். “நான்தான் நல்லாயிருக்குன்னு சொன்னேன்.”