முடிந்தது என்று நீங்கள் பதிந்த படகுகள்

என் அன்பு குறையாத ரஞ்சினி அக்காவுக்கு,

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் இரண்டு மாதமாகிறது. சோதனைச்சாவடியில் அனுமதியில்லாமல் கிடந்த, படகு வார்க்கிற ரெசின் பசைப் பீப்பாய்கள் நேற்றுத்தான் வந்து சேர்ந்தன. நீங்கள் இருந்திருந்தால் துள்ளியிருப்பீர்கள். நான் ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

எங்கள் படகுத் தொழிற்சாலையில் முன்பு படம் கீறுகிற அறைக்கு ஒரு பதிவு, ஸ்டோருக்கு ஒன்று, படகை வார்த்தெடுக்கிற அச்சுப் பட்டறைக்கு ஒன்று, திருத்த வேலைக்கு இன்னொன்று. ஒரே இடத்தில் வெடிப்பு விழுந்து படகுகள் திரும்பி வந்தாலும் படம் கீறியவருக்குத் தெரியாது. நாலையும் கணினியில் நாமிருவரும் இணைத்தோம். ஒரு படகின் இலக்கத்தை அடித்தால், முதல் கோட்டிலிருந்து கடைசித் திருத்தம்வரை தெரியும்.

எங்கள் வீட்டில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். கூட்டங்களில் எனக்கு வாய் வராது. "கதைக்காட்டிப் பரவாயில்லையடி, பிழையைக் கண்டா எனக்குக் காட்டு" என்றீர்கள். காட்டினேன். எஞ்சின் பூட்டுகிற பின்பலகையின் அடி, படகுக்குப் படகு வெடிப்பு விழுந்திருந்தது. அந்த இடத்தைத் தடிப்பாக்கிப் புதுப் படம் கீறினீர்கள். சில நாளில் திரையில் வந்தது: "அச்சில் மாற்றியாயிற்று. முடிந்தது." அன்றைக்கு இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்துக் கொண்டாடினோம்.

அதை நம்பித்தான் வெருகல் பக்கம் மீன்பிடிக்கிற என் மாமாவிடம் சொன்னேன். "பயப்பிடாம வாங்குங்கோ மாமா. புதுப் போட்டில பின்பக்கம் நல்ல தடிப்பு."

போன மாதம் மாமாவின் படகு நடுக்கடலில் பின்பலகையோடு பிரிந்தது. எஞ்சின் கடலுக்குள் போய்விட்டது. வேறொரு படகு அவரை இழுத்து வந்தது. வீட்டுக்கு வந்தவர் ஏசவில்லை. "நீ சொன்னபடியாத்தான் வாங்கினனான், பிள்ளை" என்றார். ஏசியிருக்கலாம்.

அச்சுப் பட்டறைப் பொறுப்பாளர் குணம் அண்ணையிடம் ஓடினேன்.

"தடிப்போ? அது உங்கட கொம்பியூட்டரில. அதைத் தண்ணிக்க இறக்கிப் பாரும், மிதக்குமோ எண்டு." என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ரெசின் காணாது பிள்ளை. பழைய அளவிலதான் போட்டனாங்கள். ரஞ்சினிக்குத் தெரியும். முடிஞ்சுதெண்டு தானே பதியிறன் எண்டவ. இல்லாட்டி வந்த படகு ஓடரெல்லாம் நிண்டிடுமாம்."

ஓடர் நின்றால் பட்டறை மூடும், இத்தனை வீட்டு அடுப்பு எரியாது. விளங்குகிறது அக்கா. ஆனால் பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு ஏன் மறைத்தீர்கள்? ரெசின் வந்ததும் அந்தப் படகுகளைத் திருப்பிக் கூப்பிட நினைத்திருந்தீர்களா? நினைத்திருந்தால் யாரிடமாவது ஒரு சொல் விட்டிருக்க மாட்டீர்களா? முன்பு ஒரு அறையில் சொன்ன பொய் அந்த அறையோடு நிற்கும். நாம் இணைத்த பிறகு உங்கள் ஒரு சொல் நாலு இடத்துக்கும் போய் உண்மையாகிவிட்டது. என் வாயால் மாமாவிடமும் போனது.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "செத்த பிள்ளையின்ர பேரைக் கெடுக்காதையும். இலவசப் பரிசோதனை எண்டு சொல்லிப் படகுகளைக் கூப்பிடுவம்."

"ஏலாது, சேர்." எனக்கு வாய் வந்துவிட்டது. "இலவசமெண்டா ஆறுதலா, தங்களுக்கு வசதிப்பட்ட நேரத்திலதான் வருவினம். அதுவரைக்கும் கடலுக்குப் போவினம்."

சொல்லிவிட்டு என் கதிரைக்கு வந்தேன். நான் திரையில் "முடிந்தது" என்பதை எடுத்துவிட்டு "செய்யவில்லை" என்று பதிந்தேன். அந்த அச்சில் வார்த்த படகுகள் எவை, யாரிடம் இருக்கின்றன என்பதெல்லாம் உடனே வந்தது. அவ்வளவு நன்றாகத்தான் செய்திருந்தோம், அக்கா.

நாளைக்குக் குணம் அண்ணையோடு புல்மோட்டைக்குப் போகிறேன். அங்கே கூடுதலான படகுகள். கரையில் மீனவர் தங்குகிற வாடி வாடியாக நடந்து, தடிப்பாக்கும்வரை இறக்கவேண்டாம் என்று சொல்வேன். ஏன் என்று கேட்டால், நீங்கள் செய்ததையும் சொல்வேன்.

நாம் வேலைசெய்த கந்தோரில் உங்கள் படத்துக்கு ஆளுக்கொரு நாள் பூ வைக்கிறார்கள். என் முறை வந்தபோது நான் வைக்கவில்லை. கடைசிப் படகும் பின்பலகை தடித்துத் திரும்பவும் கடலில் இறங்கட்டும். அன்றைக்கு வைப்பேன்.

இன்னும் உங்கள் தங்கச்சிதான்,
வதனி