உன் மாமாவின் லாண்டரி பூட்டிய சேதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நலம், உடம்பைத் தவிர மற்றதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன், நீயாவது அங்கே இரண்டிலும் நலமாக இருக்க வேண்டும். இருமல் நின்றதா, குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு குறைந்துவிடாது. நீ ஃபோனில் மாமா எப்படி இருக்கிறார், லாண்டரி எப்படிப் போகிறது என்று கேட்கும்போதெல்லாம் அம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீ என்ன சாப்பிட்டாய் என்று பேச்சை மாற்றுகிறாள். நீ கவனித்திருப்பாய், நீ ஒன்றும் மக்கு இல்லை. லாண்டரியைப் பூட்டியாகிவிட்டது. உன் மாமா நம் வீட்டு வாசலை மிதித்து ரொம்ப நாளாகிறது. அம்மா பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் ஊசியிடம்தான் ஆரம்பித்தது என்று சொல்வேன். நீ ஊசி அத்தை என்று கூப்பிடுவாயே, லாண்டரியில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டு, தானும் ஊசி மாதிரியே இருப்பாளே, அவள்தான். நீ இங்கே இருந்தபோது அவள் தையலோடு நின்றாள். நீ போன பிறகு மாமா ஒவ்வொரு ஆளாகக் குறைத்ததில் அவளைத் தையலுக்கும் வைத்து, விரிப்பை இஸ்திரி உருளைக்குள் விடும் வேலைக்கும் வைத்துவிட்டான். நம்மிடம் வருவது ஆஸ்பத்திரி விரிப்பு, உனக்குத் தெரியும், ரத்தம், மருந்து, இன்னும் சொல்ல முடியாதது எல்லாம், கொதிக்கக் கொதிக்க அலசித்தான் எடுக்க வேண்டும், ஈரத்தோடு உருளைக்கு வரும்போது அந்த அறையில் நிற்பதே பாதி வேக்காடு. பகல் முழுக்க அங்கே நின்றுவிட்டுச் சாயங்காலம் ஊரின் அந்தக் கோடியில் ஒரு ஆபீஸ் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கப் போவாள். புருஷன் படுத்த படுக்கை, வீட்டு வாடகைக்கு ஒரு வேலை, சாப்பாட்டுக்கு ஒரு வேலை. மத்தியானம் ஒரு நாள் நின்றபடியே அவளுக்குக் கண் அசந்துவிட்டது. நான் என் பாய்லர் வேலையில் இருந்தேன். அவள் கத்தவில்லை, பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்தான் கத்தினாள். நான் ஓடிப்போய் உருளையை நிறுத்துவதற்குள் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் அது இழுத்துவிட்டது. உன் மாமாதான் அவளைத் தூக்கினான், வேனில் துவைத்து அடுக்கிய மூட்டைகளின் மேலேயே படுக்க வைத்து, அந்த மூட்டைகள் போக வேண்டிய அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வைத்தியச் செலவு முழுக்க அவன்தான் பார்த்தான். வராந்தாவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான், நான் பார்த்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், பின்னால் எழுதப் போவதைப் படித்துவிட்டு உன் மாமாவை நீ கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சட்டப் பேச்சு வந்தது. ஒரு நாள் முழுக்க உழைக்கிறவனுக்கு அவன் குடும்பம் வாழப் போதுமான கூலி கொடுத்தே ஆக வேண்டும், அது முதலாளி போடும் பிச்சை இல்லை, உரிமை, கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று. நீகூட ஃபோனில் நல்லதுதான் அப்பா என்றாய். நம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் இதே பேச்சு. மாமா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் யாரையும் கட்டி இழுத்துட்டு வரல அத்தான். என்னால குடுக்க முடிஞ்சதைச் சொன்னேன், இஷ்டப்பட்டவங்க வந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கு நடுவுல மூணாவது ஆளு எதுக்கு?" வராமல் இருக்க ஊசியால் முடியுமா என்று நான் கேட்டேன். அவன் சாப்பாட்டில் இருந்து கையை எடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்காரன் சொல்லும் விலைக்கு மாட்டேன் என்று சொல்ல என்னால் மட்டும் முடியுமா, நான் மாட்டேன் என்றால் நாளைக்கே வேறு ஒருத்தன் வருவான் என்றான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள், சட்டம் வந்து பாத்திரம் கழுவப் போவதில்லை என்றாள் அம்மா. அன்றைக்குச் சிரித்துவிட்டோம். இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு, எல்லாரிடமும் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு குழு நம் ஊருக்கு வந்தது. நகராட்சி மண்டபத்தில் கூட்டம். முதலாளிகள் சங்கம் மாமாவை உன் ஆள் ஒருத்தரைப் பேச வை என்று நெருக்கியது, அவன் என்னிடம் வந்து, நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி, எங்களுக்குச் சட்டம் எல்லாம் தேவையில்லை என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள் அத்தான் என்றான். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். என்ன பேசுவேன் என்று சொல்லவில்லை, சத்தியமாக எனக்கே அப்போது தெரியாது. மண்டபத்தில் சங்கத்தின் வக்கீல் அழகாகப் பேசினார், கூலி என்பது இருவர் மனமொத்துச் செய்யும் ஒப்பந்தம், அதில் அரசாங்கம் கைவைத்தால் சுதந்திரம் என்று ஒன்று இருக்காது, சின்னத் தொழில்கள் முதலில் சாகும் என்றார். சின்னத் தொழில்கள் சாகும் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அடுத்து ஊசி எழுந்தாள். கையைத் துண்டால் சுற்றியிருந்தாள். "நான் சம்மதிச்சுத்தான் சார் வேலைக்கு வந்தேன், யாரும் அடிச்சு இழுத்துட்டு வரல. ஆனா மாட்டேன்னு சொல்லிட்டு ஒரு மாசம் வீட்டுல உக்கார முடிஞ்சவங்க சொல்றதுக்குத்தான் சம்மதம்னு பேரு. என்னோடது வேற வழி இல்லாதது." அவ்வளவுதான் பேசினாள். அவள் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையில் உன் மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினான், தைரியமாகப் பேசுங்கள் என்பது போல. நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "எங்க முதலாளி நல்லவரு. கை போனா தூக்கிட்டு ஓடுவாரு. ஆனா கை போகாம இருக்கறதுக்கு வயிறு நிறையக் கூலி வேணும். அது ஒருத்தரோட நல்ல மனசுல இருக்கக் கூடாது, சட்டத்துல இருக்கணும்." கைதட்டினார்கள். மாமா தட்டவில்லை, குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது வேனில் சேர்ந்து போனோம், திரும்பும்போது நான் நடந்துதான் வந்தேன்.

சட்டம் வந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு மடிக்கிற மேஜையைச் சுற்றிப் பெண்கள் அழுததை நீ பார்த்திருக்க வேண்டும். மற்ற முதலாளிகள் எல்லாம் சின்னக் கடைகளுக்குக் கொஞ்ச காலம் விலக்கு உண்டு என்று தெரிந்து, ஒரே கடையைக் காகிதத்தில் பொண்டாட்டி பேரில் ஒன்று மச்சினன் பேரில் ஒன்று என்று கூறு போட்டார்கள். உன் மாமா அதைச் செய்யவில்லை. என்னோடு பேசாமல் இருந்தானே தவிர முதல் மாதத்தில் இருந்தே சட்டப்படி கொடுத்தான். ஊசிக்கும் கொடுத்தான், அவள் இடது கையால் மூட்டை எண்ணுவது ஒன்றுதான் செய்தாள், இருந்தாலும் முழுக் கூலி. அப்புறம் விலையைக் கூட்டித் தரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனான், கூட வாருங்கள் என்று மட்டும் சொல்லி என்னையும் அழைத்தான், அதுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது. அங்கே இருந்த அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார், எல்லாவற்றையும் கேட்டார். "அந்தச் சட்டம் உங்களுக்குப் போட்டதுங்க. எங்களுக்கு மேலேர்ந்து வந்த விதி ஒண்ணே ஒண்ணுதான், யாரு குறைச்சுக் கேக்கறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை." ஆஸ்பத்திரி யாருடையது, அரசாங்கத்தினுடையது. வாழப் போதுமான கூலி கொடு என்று சொன்னது யார், அதே அரசாங்கம். வலது கை கொடு என்கிறது, இடது கை கொடுக்காதே என்று பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த அதிகாரியைத் திட்டலாம் என்றால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டத் தோன்றவில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது. மாமா வேனை விற்றான், மாமி நகையையும் அடகு வைத்தான். ஆஸ்பத்திரிக் குத்தகை முடிந்ததும் அந்த வேலை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டது, அங்கே துவைப்பது உலர்த்துவது மடிப்பது எல்லாம் இயந்திரமாம், ஆளே வேண்டாமாம். இயந்திரத்துக்குக் குடும்பமும் இல்லை, அதற்குச் சட்டமும் இல்லை.

பூட்டிய நாளில் பாய்லரை நான்தான் அணைத்தேன். ஆறும்போது குழாய்கள் டக் டக் என்று சத்தம் போடும், உனக்குச் சின்ன வயதில் அது பயம். பெண்கள் ஒவ்வொருத்தராகப் போனார்கள், யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி மட்டும் கடைசிவரை நின்றாள், திட்டத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். எங்கேயாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் அண்ணே என்றாள். பார்க்கிறேன் என்றேன். போவது போல் போய்த் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "சட்டத்துல சொன்ன கூலியைவிடக் குறைச்சுக் குடுத்தாலும் பரவாயில்லன்னு சொல்லுங்கண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க." நான் மண்டபத்தில் பேசியது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மண்ணாகிப் போயிற்று.

அம்மா சண்டை எதுவும் போடவில்லை. சாப்பாடு போடுகிறாள், மருந்து எடுத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவை, நீங்கள் பேசியது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவன் என் தம்பி என்றாள். இரண்டும் உண்மை, இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை. இன்றைக்கு மறுபடியும் அந்த மண்டபத்தில் நிறுத்தினால் என்ன சொல்வாய் என்று நானே என்னைக் கேட்டுப் பார்க்கிறேன், அதையேதான் சொல்வேன். அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. தப்பு என்று தெரிந்தாலாவது மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

போன வாரம் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக வந்தேன். அந்தக் கம்பெனியின் லாரி நின்றது, ஒரு ஆள் அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது, உன் மாமா. ஓட்டுவதும் அவன்தான், ஏற்றுவதும் அவன்தான். ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையில் கையைத் துடைத்தான். "சட்டப்படி சம்பளம் வருது அத்தான். நம்ம லாண்டரியில நான் எனக்குன்னு எடுத்துக்கிட்டதைவிட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். கிண்டலாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன், நிஜமாகவே சிரித்தான். எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டேன், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஏறிக்கொண்டான். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு இதுவரை ஒன்றும் அமையவில்லை, இந்த வயதில் பாய்லர்காரனை யார் தேடுகிறார்கள். நீ கூடுதலாக எதுவும் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் அம்மா அழுவாள். அங்கே உன் வீட்டைப் பெருக்க வரும் பெண்ணுக்கு அவள் கேட்டதைக் கொடுக்காதே, அவளுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று நீயே யோசித்துக் கொடு, கேட்கத் தெரியாதவர்கள்தான் குறைத்துக் கேட்பார்கள். மாமாவுக்கு ஃபோன் போடு, எடுக்காவிட்டாலும் போட்டுக்கொண்டே இரு, எடுத்தால் எங்களைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டீர்களா மாமா என்று மட்டும் கேள். நேரத்துக்குத் தூங்கு, நோய்நொடி இல்லாமல், யாரிடமும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் நிலை வராமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவிடம் கொடுப்பதற்கு இந்த ஆசி ஒன்றுதான் மிச்சம்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஊசிக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் இடது கையால் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அவள் சொல்லச் சொன்னதை அந்த முதலாளியிடம் போய் நானேதான் சொன்னேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், மண்டபத்தில் பேசியவர் நீங்கள்தானே என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவளுக்கு என்ன கூலி என்று யாரிடமும் வாய் தவறியும் சொல்லிவிடாதே, விஷயம் வெளியே தெரிந்தால் சட்டப்படி அந்த வேலையும் போய்விடும்.

இப்படிக்கு,
உன் அப்பா