நீ பள்ளிக்கூடம் போகாத முப்பத்தொரு நாட்கள்

டோர்ட்மண்ட்
மே 12

அன்பு மகள் ஜசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், வியன்னாவில் நீயும் மருமகன் அல்பேர்ட்டும் பேத்தி தேனுஜாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, எனக்குத்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, ஒரு நாளில் நாலு தரம் பூங்கா வரை நடந்துவிட்டு வருகிறேன்.

அல்பேர்ட்டின் வேலை மாற்றத்தால்தான் போனீர்கள் என்று நினைத்திருந்தேன். தேனுஜாவை வீட்டிலேயே படிப்பிக்கத்தான் போனோம், ஜெர்மனியில் சட்டம் விடாது என்று ஈஸ்டருக்கு வந்தபோது நீ சொன்னாய். "உங்களைப் படிப்பிக்கத்தானே இந்தக் குளிருக்குள்ள வந்து கிடந்தனாங்கள், நீ பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறாய்" என்று கத்தினேன். "அவள் தன்ர காலில நிக்கப் பழகவேணும் அப்பா, ஆரோ எழுதித் தாற துண்டில தான் எவ்வளவு எண்டு பாத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றாய். எந்தத் துண்டு என்று எனக்கு விளங்கவில்லை. நீ சாப்பிடாமலே போய்விட்டாய்.

இரண்டு கிழமைக்கு முன் நிலவறையில் தண்ணீர்க் குழாய் ஒழுகியது. சாமான்களை மேலே ஏற்றும்போது எங்கள் பழைய அகதி விண்ணப்பக் கோப்புக்குள் உன் நாலாம் வகுப்பு ஆசிரியை எழுதிய சிபாரிசுக் கடிதம் இருந்தது. அன்று ஜெர்மன் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன், இப்போதுதான் வாசித்தேன். கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் வருடத்தில் முப்பத்தொரு நாள் வரவில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை, ஆகவே ஐந்தாம் வகுப்புக்கு ஹவுப்ட்ஷூலே, அந்தக் கடைசித்தரப் பள்ளிக்கூடமே, போதும் என்று இருந்தது. அதில் போட்டிருந்த திகதிகளை, டாக்டரும் கந்தோர்களும் நாள் குறித்து வரச்சொல்லி அனுப்பி அதே கோப்பில் இருந்த டெர்மின் கடிதங்களோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் நான் உன்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போன நாட்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமென்று டாக்டர் சொன்னதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னது நீதான், அப்போது உனக்குப் பத்து வயது. நான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்லக்கூடாது, விசாப் பிரச்சினை வந்துவிடும் என்று உன் வாயைக் கட்டியதும் நான்தான். கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "இந்தக் கடிதம் வந்த அண்டைக்கு முழுக்க அவள் குளிப்பறைக்குள்ள இருந்து அழுதவள், நீங்கள் வேலைக்குப் போட்டியள்" என்றாள். இவ்வளவு காலமும் அவளும் சொல்லவில்லை.

மகள், அதற்காக என் பயம் போய்விடவில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே வைக்கிற ஜூன் பரீட்சையில் தவறினால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்கிறார்களாமே. தேனுஜா நாள் முழுக்க உங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சண்டை பிடித்து, கோபித்து, திரும்பிச் சேர வேண்டாமா? நீச்சல் வகுப்புக்காவது விடு. அவள் தன் காலில் நிற்கப் பழகட்டும், ஆனால் பெரிய ஆட்களின் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிடாதே. ஏற்றியவன் சொல்கிறேன்.

பரீட்சைக்கு முதல் நாள் ரயிலில் வருகிறேன். ஒன்றும் கேட்க மாட்டேன், பரீட்சை நடக்கும்போது வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் நான் தங்குவது உனக்குக் கஷ்டமென்றால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை எடுப்பேன், மனத்தாங்கல் இல்லை. அல்பேர்ட்டைக் கொண்டு சொல்விக்காமல் நீயே சொல்லு.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். தேனுஜா அன்று காலையில் வெறும் வயிற்றோடு போகாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கும் அப்பா,
குணசேகரம்