சஹன் மூடியைத் திறக்கும் முன்னே

பதுளை,
1923 ஒக்டோபர் 14

அன்பு மகன் ஸமீமுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை நபீலாவும் சுகம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். சொல்ல எவ்வளவோ இருக்கிறது, நான் சொல்லும் வேகத்துக்கு நபீலாவின் கை ஓடவில்லை. ரெயில் வரப்போகிறது மகன்! தெமோதரையோடு நின்ற ரெயில் இனி நம் பதுளைக்கே வருகிறது, ஊரே பெருநாள் போல இருக்கிறது.

இந்த நேரத்தில் நம் மாட்டுவண்டி வியாபாரக் கூட்டுக்காரர் செய்யவிருந்த கூத்தைக் கேள். உன் வாப்பா வைத்த வழக்கம் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் ஹாஷிம் சாச்சா, இப்றாஹீம் மாமா, மொஹிதீன் ஹாஜியார் மூவரும் நம் வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்காருவார்கள், வியாபாரப் பேச்சில் எல்லோரும் ஒரே வாயாகச் சரி சொன்ன பிறகுதான் சோற்றின் மூடியைத் திறப்பது. வாப்பா போனபின் அவர் பங்குக்கு நான் திரைக்குப் பின்னால் இருந்து சரி சொல்வேன். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஹாலிஎலைப் பக்கம் ரோடு சரிந்தபோது தலைச்சுமையாகவாவது தோட்டத்துக் கடைகளுக்கு அரிசியைச் சேர்ப்பது என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம், எத்தனை சிரமம் வந்தும் நான் அப்பவே சொன்னேனே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பசித்தவர் முன்னால் நெய்ச்சோற்றை மூடி வைத்தால் யார்தான் மறுத்துப் பேசுவார்?

போன மாதம் சாச்சா, வெலிமடையில் ஒருவர் பத்து வண்டியும் மாடுகளும் விற்கிறாராம் என்றார். அவருக்கு ஆசை என்று நினைத்து மாமா சரி என்றார், இருவருக்கும் ஆசை என்று ஹாஜியாரும் சரி என்றார், மூன்று ஆண்பிள்ளைகள் சொன்னபின் நான் யார் என்று நானும் சரி என்றேன், மூடி திறந்தது. ரெயிலே சரக்கை வாசலில் கொண்டுவந்து இறக்கப்போகும் நேரத்தில் நமக்குப் பத்து வண்டி! மறுநாள் மாமா குசினி அடுப்புப் பக்கம் வந்து, எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்ல லாத்தா, ஹாஷிம் மச்சான் ஆசப்பட்டாரு அதான் என்றார். அடுத்து ஹாஜியார், வேணாம்னுதான் நெனச்சேன் தங்கச்சி, கூட்ட ஒடைக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன் என்றார். சாச்சாவோ, நான் கேள்விப்பட்டதத்தானே சொன்னேன் மதினி, நீங்கதான் எல்லாரும் துள்ளிக் குதிச்சீங்க என்கிறார். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

வெலிமடைக்காரருக்கு நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை வாக்குக் கொடுப்பதாக இருந்தது. கொடுத்திருந்தால் வாப்பா பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் மாட்டோடு போயிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா, சஹனை மூடியில்லாமல் அனுப்பி, முதலில் சாப்பிடுங்கள், பிறகு பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். கை கழுவியதும் திரைக்குப் பின்னால் இருந்து, எனக்குச் சம்மதமில்லை என்றேன். மகன், வாப்பா மவுத்தான இந்த ஆறு வருடத்தில் நான் சொன்ன முதல் மறுப்பு அது. உடனே மூவரும் ஒன்றாக அல்ஹம்துலில்லாஹ் என்றார்களே பார்க்கலாம்! அதன்பின் அஸர் தொழுகை வரைக்கும் ஒரே சண்டை, இருக்கிற நாலு வண்டியை ரெயில் போகாத பசறைப் பக்கம் ஓட்டுவது, ஸ்டேஷனுக்கு முன்னால் கடை திறப்பது என்று முடிவாயிற்று. சண்டை போட்டு வந்த முடிவு என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

அந்தக் கடைக்கு நீ வர வேண்டும் என்றும் மூவரும் சரி சொன்னார்கள். நீ போய் ஐந்து வருடம், நீ வந்தால் போதும் என்று என் மனம் கிடந்து துடிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் நான் இன்னும் சரி சொல்லவில்லை, மகனைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றுவிட்டேன். பினாங்குதான் பிடித்திருக்கிறது என்றால் அப்படியே எழுது, உம்மா அழுவாளே என்று தலையாட்டிவிடாதே, நம் குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மழையில் நனையாதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. ஒன்று மட்டும் மறக்காதே, எனக்குப் பதிலைப் பசியோடு எழுதாதே, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுது.

உன் பதிலுக்காகச் சம்மதத்தைக் கையில் வைத்திருக்கும் உம்மா,
ஸித்தி ஸுபைதா