உன் டீசலும் என் பெட்ரோலும்

மாம்பழச் சாலை பங்க்கில் இன்று காலை பெட்ரோல் போட நின்றேன். பக்கத்து வண்டிக்கு டீசல் போட்டவர் குழாயை எடுக்கும்போது கொஞ்சம் தரையில் சிந்தியது. அந்த வாடை வந்ததும், நீ பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிவிட்டேன். என்ன சார் என்று கேட்டார் பங்க்காரர். ஒன்றுமில்லை என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரே தெருவில், ஒரே வருஷத்தில் ஆளுக்கொரு சின்ன கார் வாங்கினோம். நீ டீசல், நான் பெட்ரோல். அன்று ஆரம்பித்த சண்டை. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது பார் என்று என் உயிரை வாங்குவாய். முதலில் சர்வீஸ் பில்லைக் காட்டு என்பேன். வாரம் தவறாமல் மணப்பாறைக்கு மாமியார் வீட்டுக்கு ஓடுகிற உனக்கு டீசல் கட்டுப்படியாகும்; காந்தி மார்க்கெட்டுக்கும் புத்தூருக்கும் போய்வருகிற எனக்கு எதற்கு? ஏ.சி. போட்டுப் பாலம் ஏறினால் உன் வண்டிக்கு மூச்சு வாங்குதே என்று சிரிப்பாய். உன்னுடையது மாவு மில் மாதிரி கத்துகிறதே என்பேன். என் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாது என்று பீற்றிக்கொள்வேன்.

மாவு மில்லேதான். தெருமுனையில் நீ திரும்பும்போதே உன் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்டைத் திறந்துவிடுவாள். நீ ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பிற்பகல் நெஞ்சைத் தடவிக்கொண்டே என் வீட்டுக்கு நடந்து வந்தாய். அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாளாம்.

"உன் வண்டிய எடுடா. என்னுதுன்னா சத்தம் கேட்டு எறங்கி வந்துடுவா, பயந்துடுவா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து சொல்லிக்கலாம்."

எடுத்தேன். புத்தூர் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் உன் பேச்சு நின்றுவிட்டது. போனில் தட்டுத் தடுமாறி அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அவர் இங்கதாண்ணே இருக்கார். வண்டி நிக்குதே" என்றாள்.

படுபாவி, அந்த நேரத்தில் உனக்கு அவ்வளவு யோசனை எதற்கு?

பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அடுத்த மாதம் ஒருநாள் உன் வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்வந்தேன். திரும்பும்போது கேட் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்றவள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அப்போதே சாவியைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் வண்டி சும்மாவே நின்றது. அது நிற்பதைப் பார்த்தால் நீ உள்ளே இருக்கிற மாதிரியே இருக்கிறது, சாயங்காலம் உனக்கும் சேர்த்துக் காபி கலந்துவிடுகிறேன் என்று அவள் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

கடைசியில் அவளே விற்றுவிடச் சொன்னாள். வாங்க வந்தவர் புது பேட்டரி மாட்டினார். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்யலாம், அவள் காதில் விழ வேண்டாம் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"வேணாண்ணே. இங்கயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அன்னைக்குத்தான் அவர் கெளம்புனது எனக்குக் கேக்கல."

அவளே கேட்டைத் திறந்துவிட்டாள். சத்தம் தெருவைத் தாண்டி, கடைவீதி இரைச்சலில் கரைகிறவரை அசையாமல் நின்றாள். பிறகுதான் அழுதாள்.

நான் இன்னும் பெட்ரோல் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். எங்கே கிளம்பினாலும் என் மனைவி இருக்கிற இடம் தேடிப் போய், போயிட்டு வரேன் என்கிறேன். சரி என்று அவள் சொல்லாமல் சாவியைத் தொடுவதில்லை.